பிரதிபயனும் தகுகாரணமும்: இலங்கை ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைகள்

வணிகக் கல்வி பயிலும் மாணவர் ஒப்பந்தச் சட்டத்தைக் கற்கப் புகும்போது அவர் கையிற் கிடைப்பன பெரும்பாலும் ஆங்கிலேய நூல்களே. ஒருவர் முன்வைக்கும் முனைவு, மற்றவர் அதற்குத் தரும் ஏற்பு, வாக்குறுதிக்கு ஈடாகக் கொடுக்கப்படும் பிரதிபயன் என்னும் மூன்றும் அமையாதவிடத்து ஒப்பந்தம் இல்லை என அந்நூல்கள் தொடக்கத்திலேயே விதிக்கின்றன. மாணவரும் அதனை மனனஞ் செய்து தேர்வில் எழுதிப் புள்ளிகள் பெறுகின்றனர். ஆயின், இம்மூன்றனுள் இறுதியாகக் கூறப்பட்ட பிரதிபயன் இலங்கையின் பொதுச் சட்டம் வேண்டுவதொன்றன்று. தேர்வு மண்டபத்தில் இவ்வேறுபாடு சில புள்ளிகளை மட்டுமே பாதிக்கலாம். கடைத்தெருவிலோ ஒருவருடைய முதல் முழுவதையும் பாதிக்கக்கூடும். தமக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி செல்லாதெனக் கருதி வழக்கிடாது விடுபவரும், தாம் கொடுத்த வாக்குறுதி தம்மைக் கட்டாதெனக் கருதி வாளாவிருப்பவரும் பிறநாட்டுச் சட்டத்தை நம்பி இழப்பெய்தியவராவர்.

இந்நிலை ஏற்பட்ட வரலாறு சுருக்கமானது. ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபோது தம் நாட்டுச் சட்டத்தையும் உடன் கொணர்ந்தனர். பண்டை உரோமருடைய சட்டமும் ஒல்லாந்து நாட்டு வழக்காறுகளும் கலந்து உருவாகிய அதனை உரோம–ஒல்லாந்தச் சட்டம் என்பர். அதன் தலையாய ஆசிரியருள் ஒருவராகிய குரோசியஸ், அரசியற் காரணத்தாற் சிறைப்பட்டு லூவஸ்தைன் கோட்டையில் இருந்த காலத்தில் எழுதிய சட்ட நூல் 1631 இல் வெளியாயிற்று. 1796 இல் ஆங்கிலேயர் கரையோரப் பகுதிகளைக் கைக்கொண்ட பின்னர், 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் முன்னிருந்த சட்டங்களையே தொடர்ந்து வழங்கச் செய்தனர். இதில் வியப்பொன்று உண்டு. ஒல்லாந்து தேசமே 1809 இல் பிரெஞ்சுச் சட்டக்கோவையை ஏற்றுத் தன் பழைய சட்டத்தைக் கைவிட்டது. பிறந்த வீட்டில் மறைந்த சட்டம் இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் இன்றும் வழங்குகின்றது. தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் ஆகியன குடும்பம், முதுசம், காணி முதலியவற்றைப் பற்றியனவே; கடையில் நிகழும் சாதாரண ஒப்பந்தத்தைப் பொறுத்தமட்டில் எல்லாச் சமூகத்தவர்க்கும் பொதுவாயது உரோம–ஒல்லாந்தச் சட்டமேயாம்.

முனைவு, ஏற்பு என்பவற்றைப் பொறுத்தவரை இரு சட்டங்களும் பெரிதும் ஒத்தே செல்கின்றன. ஆதலின் அவ்விடயத்தில் ஆங்கிலேய வழக்குகளைக் கற்பதாற் கேடில்லை. பயனும் மிகுதி. 1892 இல் தீர்க்கப்பட்ட கார்லில் வழக்கினை அறியாத வணிக மாணவர் இலர். தமது மருந்துப் புகையுருண்டையை இரு வாரங்களுக்கு நாள்தோறும் மும்முறை பயன்படுத்திய பின்னரும் சளிச்சுரம் காண்பவருக்கு 100 பவுண் தருவதாகவும், அதற்குச் சான்றாக 1,000 பவுணை வங்கியில் வைப்பிட்டிருப்பதாகவும் ஒரு கம்பனி விளம்பரஞ் செய்தது. கார்லில் அம்மையார் அவ்வாறே பயன்படுத்தியும் நோயுற்றார். விளம்பரம் வெறும் ஆரவாரமே என்ற கம்பனியின் வாதம் எடுபடவில்லை. வங்கியில் இட்ட பணமே கம்பனி மெய்யாகக் கருதிப் பேசியதென்பதைக் காட்டிக் கொடுத்தது. இதற்கு மாறாக, கடையின் தட்டில் விலை குறித்து வைக்கப்பட்ட பண்டம் முனைவாகாது. வாங்குபவர் அதனை எடுத்துக் கணக்காளரிடம் கொணர்தலே முனைவு என 1953 இல் இங்கிலாந்தில் மருந்துக்கடை வழக்கொன்றிற் றீர்க்கப்பட்டது. எனவே, விலைச் சீட்டிற் பிழையாகக் குறைந்த தொகை எழுதப்பட்டிருப்பின், அத்தொகைக்கே விற்குமாறு கடைக்காரரை ஒப்பந்தச் சட்டத்தின்கீழ்க் கட்டாயப்படுத்தவியலாது.

தபால் மூலம் நிகழும் பேரத்தில் எக்கணத்தில் ஒப்பந்தம் பிறக்கின்றது? 1817 ஆம் ஆண்டு செத்தெம்பர் 2 ஆந் தேதி கம்பளி வணிகர் ஒருவர் விலை கூறி எழுதிய கடிதம், முகவரிப் பிழையால் 5 ஆந் தேதியே சென்றடைந்தது. அன்றே ஏற்புக் கடிதம் தபாலிற் சேர்க்கப்பட்டது. உரிய காலத்தில் விடை வராமை கண்ட விற்பவர் 8 ஆந் தேதி கம்பளியைப் பிறருக்கு விற்றார். ஏற்புக் கடிதம் 9 ஆந் தேதி கிடைத்தது. கடிதம் தபாலிற் சேர்ந்த கணமே ஒப்பந்தம் முற்றுப்பெற்றதென மறு ஆண்டில் நீதிமன்றம் தீர்த்தது. ஆயின் தொலைபேசி போன்று உடனுக்குடன் உரையாடும் சாதனங்களில் ஏற்புச் சொல் மறுபுறத்தைச் சென்றடைந்தாலன்றி ஒப்பந்தம் பிறவாதென 1955 இல் வகுக்கப்பட்டது. இலங்கையின் 2006 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், மின்னஞ்சல் முதலியவற்றாற் செய்யப்படும் ஒப்பந்தங்களை அக்காரணத்தினாலேயே செல்லாதெனத் தள்ளலாகாதென விதிக்கின்றது. காணி விற்பனை அதற்குப் புறம்பு.

பேச்சு யாவும் ஒப்பந்தமாகாமைக்கு எல்லையிடுவது, சட்டத்தாற் கட்டுண்ணும் எண்ணமாகும். இதனை விளக்க எல்லா நாட்டு நூல்களும் எடுத்தாளும் வழக்கு இலங்கையோடு தொடர்புடையது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கையில் நீர்ப்பாசனப் பணிப்பாளராயிருந்த பல்போர் என்பவர் விடுமுறையில் மனைவியுடன் இங்கிலாந்து சென்றார். மனைவியின் உடல்நலக் குறைவினால் 1916 இல் தாம் மட்டும் திரும்பியபோது, மாதந்தோறும் 30 பவுண் அனுப்புவதாக வாக்களித்தார். பின்னர் இருவரும் பிரிந்தனர். மனைவி அப்பணத்துக்கு வழக்கிட்டார். கணவன் மனைவியரிடையே அன்பினால் நிகழும் இத்தகைய ஏற்பாடுகள் நீதிமன்றத்துக்கு வருதற்கென்று செய்யப்படுவன அல்லவென 1919 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. வணிகரிடையே நிகழும் உடன்பாட்டிலோ இவ்வெண்ணம் உண்டெனவே கொள்ளப்படும். இல்லையென்பார் அதனை நிறுவுதல் வேண்டும்.

இனி, இரு சட்டங்களும் பிரியும் இடத்துக்கு வருவாம்.

ஆங்கிலேயச் சட்டம் வாக்குறுதியை ஒரு பேரமாகவே நோக்குகின்றது. முத்திரையிட்ட உறுதியாக அமைந்தாலன்றி, ஏதேனுமொன்றை விலையாகப் பெறாத வாக்குறுதிக்கு அது செவிசாய்ப்பதில்லை. அவ்விலை எவ்வளவு என்பது அதற்குப் பொருட்டன்று. ஒரு மிளகு மணியும் போதுமென்பது அந்நாட்டு வழக்கறிஞரிடையே பழமொழி போல் வழங்குகின்றது. ஆனால் மிளகு மணியளவேனும் இல்லாதவிடத்து, எத்துணை உறுதியாகக் கொடுத்த வாக்கும் காற்றோடு போய்விடும். இக்கோட்பாடு எங்குக் கொண்டுபோய் விடுமென்பதை 1884 இல் பிரபுக்கள் சபை தீர்த்த போக்ஸ் எதிர் பீர் என்னும் வழக்கிற் காணலாம். வைத்தியர் போக்ஸ், பீர் அம்மையாருக்கு நீதிமன்றத் தீர்ப்பின்படி ஏறக்குறைய 2,090 பவுண் கொடுக்கவேண்டியிருந்தது. தவணை முறையில் அத்தொகையைக் கட்டி முடித்தால் மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதில்லையென அம்மையார் எழுத்தில் ஒப்புக்கொண்டார். வைத்தியர் முழுத்தொகையையும் கட்டி முடித்தார். அதன்பின் அம்மையார் வட்டியைக் கேட்டார், வென்றார். கொடுக்கவேண்டிய கடனைக் கொடுத்ததற்கு மேலாக வைத்தியர் எதுவுங் கொடுக்கவில்லையாதலின் அம்மையாரின் வாக்குறுதிக்குப் பிரதிபயன் இல்லையென்பது தீர்ப்பு. தவணையிலேனும் பணம் கைக்கு வருதல் கடன் கொடுத்தவர்க்கு நன்மையே என்பதை வணிகர் யாவரும் அறிவரென அத்தீர்ப்பில் உடன்பட்ட பிளாக்பேண் பிரபுவே மனக்குறையோடு எடுத்துரைத்தார். சட்டம் வணிகரின் அறிவுக்கு முரணாகச் சென்றதென்பதை இதனினுந் தெளிவாகக் கூறுதல் அரிது.

உரோம–ஒல்லாந்தச் சட்டம் இவ்வினாவை வேறுவிதமாக வினவுகின்றது. இவ்வாக்குறுதிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று அது கேட்பதில்லை; இவ்வாக்குறுதி ஆழ்ந்த எண்ணத்துடன், தகுந்த காரணம்பற்றிக் கொடுக்கப்பட்டதா என்றே கேட்கின்றது. அக்காரணத்தை இலத்தீன் மொழியில் ‘யூஸ்தா காவுசா’ என்பர். தமிழில் தகுகாரணம் எனலாம். நன்றிக் கடன், உறவின் கடமை, ஈகை எண்ணம், பிணக்கைத் தீர்க்கும் விருப்பு ஆகிய யாவும் தகுகாரணமாதற்கு உரியன. சட்டத்துக்கோ ஒழுக்கத்துக்கோ முரணானது மட்டும் ஆகாது.

இலங்கையில் எது வழங்குவதென்னும் ஐயம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நிலவியது. ஆங்கிலேயப் பயிற்சி பெற்ற நீதிபதிகளும் வழக்கறிஞரும் பிரதிபயன் என்னும் சொல்லையே கையாண்டு வந்தமையால் இரண்டும் ஒன்றெனும் மயக்கம் வேரூன்றியிருந்தது. 1904 இல் லிப்டன் எதிர் புக்கனன் என்னும் வழக்கில், இந்நாட்டுச் சட்டம் வேண்டுவது தகுகாரணமேயன்றி ஆங்கிலேயப் பிரதிபயன் அன்றென உயர் நீதிமன்றம் வகுத்தது. 1918 இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய என்னும் வழக்கு இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. குடும்பச் சொத்தைப் பற்றி உறவினரிடையே எழுந்த பிணக்கிற் கொடுக்கப்பட்ட பணவாக்குறுதி அது. காவுசா என்னும் சொல் பிரதிபயனிலும் மிக விரிந்த பொருளுடையது, வாக்குறுதிக்குத் தூண்டுகோலாயமைந்த ஒழுக்கக் கடமையும் அதனுள் அடங்கும் என அக்கவுன்சில் முடிவு கூறியதோடு இவ்வையம் நீங்கிற்று. ஆங்கிலேய நீதிபதிகளே தம் நாட்டுக் கோட்பாட்டை இந்நாட்டின்மேற் சுமத்தாது விடுத்தமை குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டிலேயே தென்னாபிரிக்க உச்ச நீதிமன்றமும் கொன்ராடி எதிர் றொசோ என்னும் வழக்கிற் பிரதிபயன் வேண்டற்பாலதன்றெனத் தீர்த்தது.

வைத்தியர் போக்ஸின் வழக்குக் கொழும்பில் எழுந்திருப்பின் என்னாகும்? நாலாம் குறுக்குத் தெருவிலுள்ள மொத்த வியாபாரி ஒருவர், நலிவுற்ற சில்லறை வியாபாரி ஒருவரிடம், ‘முதலைக் கட்டி முடியும், வட்டியை விட்டுவிடுகிறேன்’ எனத் தெளிந்த மனத்துடன் கூற, மற்றவரும் அதனை ஏற்று முதலைக் கட்டி முடிப்பாராயின், பிரதிபயன் இல்லையென்னுங் காரணங்காட்டி மொத்த வியாபாரி வட்டியைப் பின்னர் கேட்க இயலாது. நீண்டகால வாடிக்கையைக் காக்கும் எண்ணமும் இரக்கமும் தகுகாரணத்துக்குப் போதியன. ஆயின் தம் உரிமையை எவரும் எளிதில் விட்டுக்கொடார் என்பது சட்டத்தின் அனுமானம். ஆதலின் சில்லறை வியாபாரி அச்சொல்லை எழுத்திற் பெற்றுவைத்தல் அறிவுடைமையாம்.

இவ்வளவில் அமைந்திருப்பின் மாணவர்க்கு எளிதாயிருக்கும். எனினும் 1852 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச்சட்டம், பங்குடைமை, கம்பனி, வங்கித் தொழில், முதல்வர்–முகவர் உறவு, பொருட்சுமப்போர், ஆயுள் தீக் காப்புறுதி முதலிய துறைகளில் ஆங்கிலேயச் சட்டத்தையே இந்நாட்டிற் புகுத்தியது. பின்னர் 1896 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டமும், 1927 ஆம் ஆண்டு 25 ஆம் இலக்க மாற்றுண்டியற் கட்டளைச்சட்டமும் ஆங்கிலேயச் சட்டங்களைப் பின்பற்றியே ஆக்கப்பட்டன. ஆகவே ஒரே கடையில், ஒரே நாளில், இரு சட்டங்கள் ஆட்சி புரிகின்றன. நன்றிக் கடனுக்காக 10,000 ரூபா தருவதாகக் கொடுத்த வாக்குறுதி உரோம–ஒல்லாந்தச் சட்டப்படி கட்டும். அதே தொகைக்கு ஒரு வாக்குறுதிச் சீட்டோ காசோலையோ எழுதிக் கொடுக்கப்படின், அப்பத்திரத்தின்மீது வழக்கிடுவோர் ஆங்கிலேயச் சட்டம் வேண்டும் பெறுமதியான பிரதிபயன் உண்டா என்னும் வினாவை எதிர்நோக்குவர். பிரதிபயன் உண்டென்ற அனுமானம் முதலில் அவர்க்குத் துணை நிற்கும். எதிரி அதனைப் பொய்ப்பித்தால் பத்திரத்தாற் பயனில்லை. கையிற் பத்திரம் இருப்பவரின் நிலை வாய்ச்சொல் மட்டும் பெற்றவரின் நிலையினும் வலியதென எண்ணுதல் இயல்பு. இவ்வொரு விடயத்தில் அது தலைகீழாகின்றது.

பொருள் விற்பனையிலும் ஒரு பொறி உண்டு. நூறு மூடை செத்தல் மிளகாயைத் தொலைபேசியிற் பேரம் பேசி முடித்த வியாபாரி, மறுநாள் விலையேறியதும் வாக்கு மாறுகின்றார். வாங்குபவர் வழக்கிடலாமா? பொருளில் ஒரு பகுதியையேனும் ஏற்றுப் பெற்றிருத்தல், விலையையோ அதன் ஒரு பகுதியையோ கொடுத்திருத்தல், அன்றேல் மறுப்பவர் ஒப்பமிட்ட எழுத்துக்குறிப்பு இருத்தல் என்பவற்றுள் ஒன்றேனும் இன்றி அவ்வொப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிறைவேற்ற இயலாதெனக் கட்டளைச்சட்டம் கூறுகின்றது. நம் மூதாதையர் பேரம் முடிந்தவுடன் அச்சாரம் கொடுத்த வழக்கம் எத்துணைப் பொருளுடையதென்பது இதனாற் புலனாகும். இங்கிலாந்து தன் சட்டத்திலிருந்த இத்தகைய விதியை 1954 இலேயே நீக்கிவிட்டது. அந்நாட்டுப் புதிய நூல்களை மட்டும் படிப்போர்க்கு இது கண்ணிற்படாது.

காணி விடயத்தில் எழுத்து மட்டும் போதாது. 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச்சட்டத்தின்படி, காணி விற்பனையும் விற்பதற்கான உடன்படிக்கையும் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் செல்லா. நண்பரிடம் முற்பணம் கொடுத்து வெற்றுத்தாளிற் கையொப்பம் பெற்றவர், காணியைக் கேட்கும் உரிமை அற்றவராவர். பிறருடைய கடனுக்குப் பிணை நிற்றலும், ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலோடு பங்குடைமை தொடங்குதலும் இதே கட்டளைச்சட்டத்தின்படி எழுத்தில் அமைதல் வேண்டும். அவற்றுக்கு நொத்தாரிசு வேண்டியதில்லை. உடன்பிறந்தாரும் மைத்துனரும் கூடி வாய்ச்சொல்லிற் கடை நடத்தும் வழக்கம் யாழ்ப்பாணத்தவரிடையே மிகுதியாகலின், இவ்விதியால் நேரும் இடர் சிறிதன்று.

விலை பற்றி ஒரு முரண் கருதற்பாலது. ஆங்கிலேயச் சட்டம் விலை வேண்டுமென்னும். அது நியாயமானதா என்று வினவாது. உரோம–ஒல்லாந்தச் சட்டம் வாக்குறுதிக்கு விலை வேண்டாமென்னும்; ஆயின் காணி விற்கப்படின், விலை உண்மைப் பெறுமதியிற் பாதிக்குங் குறைந்ததா என வினவும். அவ்வாறு குறைந்திருப்பின், உண்மைப் பெறுமதியை அறியாது விற்றவர் விற்பனையை நீக்குமாறு கேட்கலாம். ‘லேசியோ எனோர்மிஸ்’ எனப்படும் இவ்விதியைத் தென்னாபிரிக்கா 1952 இல் ஒழித்துவிட்டது. இலங்கையில் அது நிலைத்துள்ளது. பணநெருக்கடியில் அவசரமாக அறுதியுறுதி எழுதிக் கொடுப்போர் பலராகிய ஒரு நாட்டில், அது நிலைத்திருத்தல் நன்றே. எனினும் பெறுமதியை நன்கறிந்தும் நெருக்கடியால் விற்றவரை அது காப்பதில்லை என்பதனையும் மறத்தலாகாது.

ஒப்பந்தஞ் செய்வோர் தகுதியைப் பொறுத்தவரை, 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் 21 என வரையறுத்த பராய வயதை 1989 ஆம் ஆண்டு 17 ஆம் இலக்கச் சட்டம் 18 ஆகக் குறைத்துள்ளது. பழைய பாடநூல்களை வைத்திருப்போர் இதனைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். ஏமாற்று, அச்சுறுத்தல், தகாத செல்வாக்கு என்பவற்றாற் பெறப்பட்ட இசைவு இசைவாகாதென்பது வெளிப்படை.

ஒப்பந்தம் மீறப்படின் கிடைக்கும் நிவாரணத்திலும் இரு சட்டங்களின் மனப்பாங்கு வேறுபடுகின்றது. ஆங்கிலேயச் சட்டம் முதலில் நட்டஈட்டையே நாடும். வாக்களித்ததையே செய்விக்குமாறு கட்டளையிடுதல் நீதிபதியின் விருப்பத்தின் பாற்பட்டது. உரோம–ஒல்லாந்தச் சட்டம், காணி விற்பதாக முறைப்படி உடன்பட்டவர் அதனை எழுதிக் கொடுத்தே தீரவேண்டுமெனக் கேட்பதை மற்றவரின் உரிமையாகக் கொள்கின்றது. நட்டஈட்டின் அளவை வரையறுப்பதற்கு 1854 ஆம் ஆண்டு ஹாட்லி எதிர் பக்சென்டேல் வழக்கு இன்றும் வழிகாட்டுகின்றது. குளொஸ்ரர் நகரத்து ஆலையொன்றின் இயந்திரத்தண்டு முறிந்தது. புதியது செய்தற்கு மாதிரியாக அதனைக் கொண்டுசெல்ல ஏற்றோர் தாமதித்தனர். ஆலை பல நாள் மூடிக்கிடந்தது. வேறு தண்டு இல்லையென்பதைக் கொண்டுசெல்வோர் அறியாராதலின், ஆலையின் இலாப இழப்புக்கு அவர் பொறுப்பல்லர் எனத் தீர்க்கப்பட்டது. அவசரமான பொருளை லொறியில் ஏற்றுவிக்கும் வியாபாரி, தாமதித்தால் நேரும் இழப்பை ஏற்றும்போதே எழுத்தில் அறிவித்துவிடுதல் இதனாற் பெறப்படும் பாடம்.

வழக்கிடுதற்கும் காலவரையறை உண்டு. 1871 ஆம் ஆண்டு 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, எழுத்திலமைந்த ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு. வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு. விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கும் கடைக்கணக்குக்கும் ஓராண்டே. சிட்டைப் புத்தகத்திற் பல ஆண்டுக் கடனைச் சுமந்துகொண்டு செல்லும் கடைக்காரர், வாடிக்கையாளரின் கையொப்பத்துடன் கடனை ஒப்புக்கொள்ளும் ஒரு வரியை அவ்வப்போது பெற்றுக்கொள்வாராயின், அத்தேதியிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். ‘தருகிறேன்’ என்று வாயாற் சொன்ன சொல், ஆண்டுதோறும் சொல்லப்பட்டாலும், இதற்கு உதவாது.